மோட்டாரோடு வந்த மனிதர்

நான் மோட்டார் வாங்கியது ஆசைப்பட்டு அல்ல. முட்டைக்கோசு வாடிப்போனதால் வாங்கினேன்.

சிராங்கூன் சாலையில், தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் கடை. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் காய்கறி, ஆட்டிறைச்சி, முட்டை, அரிசி கொடுப்பது தொழில். கூட்டாளி என் மனைவியின் தம்பி. மனைவியும் பிள்ளைகளும் நாகூரில் இருந்தார்கள். இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிக் கப்பலேறியவன் நான். அப்போது பதினெட்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. இடையிடையே ஊர் போவேன், சில மாதம் இருப்பேன், பிள்ளைகள் என் முகத்துக்குப் பழகுவதற்குள் திரும்பிவிடுவேன்.

சரக்கு ஏற்றிப் போன குதிரை வண்டி வழியிலேயே நின்றுவிடும். குதிரைக்கு வயதாகிவிட்டது. தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கீரை துவண்டுவிடும், கப்பலின் சமையல் தலைவன் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவான். ஒருநாள் கூடைகளோடு நான் போய்ச் சேர்ந்தபோது கப்பல் கரையை விட்டு நகர்ந்திருந்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

தாங்ளின் பக்கம் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் சீமைக்கே திரும்பப் போகிறார், மோட்டாரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பங்களா வாசலில் நின்றது வண்டி. கித்தான் கூரை, பித்தளை விளக்குகள், பக்கத்தில் கட்டிய உபரிச் சக்கரம். என்ன பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்போம். சக்கரத்தைத் தட்டிப் பார்த்தேன், கதவைத் திறந்து மூடினேன். துரை சிரிப்பை அடக்கிக்கொண்டு பொறுமையாக நின்றார்.

விலை படிந்ததும் அவர் சொன்னார்: "டிரைவரையும் எடுத்துக்கொள். இந்த இன்ஜினைப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். மிகவும் நிதானமானவன், வேகமாக ஓட்டவே மாட்டான்."

வண்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார் அந்த மனிதர். பவியான் தீவுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முதலில் துரையின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். குதிரைகள் போய் மோட்டார் வந்தபோது அதற்கும் அவரே பொறுப்பானார். வலது கையை நெஞ்சில் வைத்து எனக்கு ஸலாம் சொன்னார். என்னைவிட மூத்தவர் என்பதால் 'பாக்' என்று கூப்பிட்டேன். மலாயில் அப்பாவுக்குச் சமமான சொல் அது. அவர் என்னைத் 'துவான்' என்பார், முதலாளி என்று அர்த்தம். எங்களுக்குள் கடைசிவரை மலாய்ப் பேச்சுதான். அவர் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

இன்சூரன்ஸ் எடுக்கவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். கிடங்குத் தெருவில் ஓர் அரிசி வியாபாரியின் மோட்டார் ஒரு ரிக்‌ஷாக்காரர்மேல் ஏறி, வழக்கு நடந்து, கடைசியில் அவர் கடையை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறியதைப் பார்த்திருந்தேன். என் மைத்துனருக்கு இது பிடிக்கவில்லை.

"நம்ம வண்டிக்கு அல்லாஹ் காவல் மச்சான். வெள்ளைக்காரன் காகிதமா காவலுக்கு வரும்? இது ஒரு மாதிரி சூதாட்டம்ல?"

"ஒட்டகத்தைக் கட்டிப் போட்டுட்டுத்தான் அல்லாஹ் மேல தவக்குல் வைக்கணும்னு நீதானே பள்ளிவாசல் பயான்ல கேட்டுட்டு வந்து சொன்னே?" என்றேன்.  அவர் கையெழுத்துப் போட வரவில்லை.

கம்பெனி ஆபீஸ் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. மூன்று தடவை போனேன். முதல் தடவை பெரிய துரை ஊரில் இல்லை. இரண்டாவது தடவை, நான் நம்பகமானவன் என்று ஒரு வெள்ளைக்காரர் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார்கள். கப்பல் கம்பெனி துரை ஒருவரைப் பிடித்து, அவர் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்று கடிதம் வாங்கினேன். மூன்றாவது தடவைதான் காகிதம் மேசைக்கு வந்தது. அங்கே எழுத்து வேலை பார்த்த கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். தமிழில் பேச ஆள் கிடைத்ததில் எனக்குப் பாதி அலுப்புத் தீர்ந்தது. கேள்விகளை அவர் படித்துச் சொல்ல நான் பதில் சொன்னேன்.

"இந்த ஊரிலை இன்னும் எவ்வளவு காலம் இருக்கப் போறியள் எண்டு கேக்கினம்."

 மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு வருஷம்னு எழுதுங்க," என்றேன் கடைசியில்.

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நானும் அப்பிடித்தான் வந்தனான்," என்று சொல்லிவிட்டு எழுதினார். அடுத்த கேள்வி: "டிரைவருக்குக் கண், காது, கை, கால் எல்லாம் சரியோ?"

"கேட்டுட்டு வந்து சொல்றேன்."

கீழே மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார் பாக். "கண்ணு நல்லாத் தெரியுதா பாக்?" என்று கேட்டேன்.

"தெரியும் துவான்."

"தூரத்துல இருக்கிறது?"

"தெரியும் துவான்."

இரண்டு தடவையும் ஒரே குரலில் சொன்னார். மேலே ஏறிப் போய்ச் சரி என்று எழுதச் சொன்னேன். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இன்ஜினைச் சுழற்றிவிடுகிற கைப்பிடியை அவர் தடவித்தான் எடுப்பார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தால் போதும், வண்டியைக் கொட்டகையில் விட்டுவிடலாம் என்பார். பொழுது சாய்ந்த பிறகு அவர் ஓட்டியதே இல்லை. நிதானக்காரர் என்று நானும் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. சரக்கு நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, கூடைகள் திரும்பி வரவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக மத்தியானம் சற்று நேரம் கண்ணயர முடிந்தது.

மோட்டாரின் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். பாக் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி எழுதிய பதிலில் வண்டியைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. அடுத்த வரி: 'உள்ளே உக்காந்திருக்கிற பெரியவருக்குக் கண்ணு நோவா? இப்படி இடுக்கிக்கிட்டு இருக்காரே.' கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

விபத்து காலையில் நடந்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் பாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோச்சோர் கால்வாய்ப் பாலம் தாண்டியதும் வெயில் நேராக முகத்தில் அடித்தது. சாலையின் குறுக்கே ஒரு பால்காரர் தன் பசுவை ஓட்டிக்கொண்டு போனார். வெள்ளைப் பசு. நல்ல தூரத்திலேயே நான் பார்த்துவிட்டேன். பாக்கும் பார்த்திருப்பார் என்று சும்மா இருந்தேன். வண்டி வேகம் குறையவில்லை.

"பாக், பசு!" என்று கத்தினேன்.

"எங்கே?" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லை என்னால் மறக்க முடிந்ததில்லை. பசு எங்களுக்கு நேர் எதிரே இருந்தது.

பசு அங்கேயே விழுந்து செத்தது. பால்காரர் கயிற்றை விடாமல் பிடித்திருந்ததால் அதோடு சேர்ந்து விழுந்து, கால் முறிந்து கிடந்தார். பால் செம்பு உருண்டு ஓடியது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. மாத்தா என்று சொல்கிற போலீஸ்காரர் வந்து பெயர் எழுதினார். பாக் சக்கரத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பால்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கம்பம் என்று சொல்கிற குடிசைப் பகுதியில் ஒரு கொட்டகையில் குடியிருந்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரே பசுதான்.

"சூரியன் கண்ணுல அடிச்சிருக்கும் மொதலாளி," என்றார் என்னிடம். "உங்க டிரைவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா பசு போச்சே. அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க. கால் தானா சேந்துரும்லா."

வெயிலால் வந்த வினை என்று அவரே சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் கிராணியும் அதையே சொன்னார்: "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. சூரியன் எண்டு சொல்லுங்கோ. கண்ணைப் பற்றி ஒரு கதையும் வேண்டாம். நீங்கள் எழுதித் தந்ததிலை பொய் இருந்தா ஒரு சதமும் குடுக்க மாட்டினம். அந்தப் பால்காரனுக்கும் கிடையாது."

சில வாரம் கழித்து, விசாரிக்க ஒரு வெள்ளைக்காரர் கடைக்கு வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். சட்டை முழுக்க வியர்வை. பால்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். கட்டையைக் கட்டிய காலோடு அவர் எதிர்ச்சாரியில், தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு எழுந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டவர்போல நின்றார்.

"டிரைவரைச் சாலையோரத்தில் நிற்கச் சொல். நான் அந்தப் பக்கம் போய் விரல் காட்டுகிறேன். எத்தனை என்று அவன் சொல்லட்டும். நீ மொழிபெயர்."

சாலையைக் கடந்து போய், பால்காரர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். கையை உயர்த்தினார். மூன்று விரல்.

பாக் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார், அவருக்குப் பின்னால் நான். முகம் கல்லாக இருந்தது. ஆனால் அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் வந்து, காற்றில் துழாவி, என் கையைப் பிடித்தது. உள்ளங்கை ஈரமாக இருந்தது. இதைப் பற்றி நாங்கள் முன்கூட்டி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எதிரே பால்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலில் கட்டியிருந்த கட்டையில் ஈக்கள் உட்கார்ந்திருந்தன.

நான் மூன்று தடவை அழுத்தினேன்.

"மூன்று," என்றார் பாக், உரத்த குரலில்.

அடுத்து ஒன்று. அதற்கடுத்து ஐந்து. மூன்று தடவையும் சரியாகச் சொன்னார். வெள்ளைக்காரர் தலையாட்டிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி வரக்கூட வரவில்லை. அங்கிருந்தே ரிக்‌ஷா ஏறிப் போய்விட்டார். கடைக்குள் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.  என்னமோ நானே அந்தப் பசுவைத் தூக்கிச் சுமந்தவன்போல இருந்தது.

கம்பெனி பணம் கொடுத்தது. பால்காரர் புதிதாக ஒரு கறவைப் பசு வாங்கினார். கால் கொஞ்சம் இழுத்தது. முதல் பாலைச் செம்பில் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போனார். மைத்துனர் அதைக் காய்ச்சித் தேநீர் போட்டார். எனக்குக் குடிக்கப் பிடிக்கவில்லை.

அன்று மத்தியானம் பாக்கைக் கூப்பிட்டேன். "இனிமே ஓட்ட வேணாம் பாக். கடையிலேயே இருங்க. கிடங்கைப் பாத்துக்குங்க. சம்பளம் குறையாது."

"ஏன் துவான்?"

"கண்ணு."

"கண்ணு நல்லாயிருக்குன்னு வெள்ளைக்காரரே பாத்துட்டுப் போனாரே."

"பாக், உங்க கையை நான்தானே அழுத்தினேன்..."

அவர் தரையைப் பார்த்தார். மெதுவாக, எனக்குப் புத்தி சொல்வதுபோலச் சொன்னார்: "எனக்குப் படபடப்பா இருந்துச்சு. அதுக்காகக் கையைப் பிடிச்சேன். வேற ஒண்ணும் இல்லை."

 அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. தன்னை அப்படி நம்பவைத்துக்கொண்டிருந்தார். கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலை அவருக்கு வேண்டாம். குதிரையிலிருந்து மோட்டார்வரை ஓட்டியே வாழ்ந்தவர். வாக்குவாதம் செய்ய எனக்குச் சக்தி இருக்கவில்லை. வியாபாரம் மந்தம் என்று ஒரு சாக்குச் சொல்லி, அந்த வாரமே மோட்டாரை விற்றேன். வண்டி இல்லாவிட்டால் அவரும் ஓட்ட மாட்டார் என்று கணக்குப் போட்டேன். அவர் சாவியைக் கையில் கொடுத்து, ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். பழைய குதிரைக்குப் பதில் வேறொரு குதிரை வாங்கினோம். கீரை மறுபடி வாட ஆரம்பித்தது.

இரண்டு மாதம் இருக்கும். காத்தோங் பக்கம் ஒரு வேலையாக ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு மோட்டார் மெதுவாக, மிக மெதுவாக வந்தது. ஓட்டியது பாக். பின்னால் நான்கு பிள்ளைகள், பள்ளிக்கூட உடையில், பாட்டுப் பாடிக்கொண்டு. வண்டி எங்களை ஒட்டிக் கடந்தது. ரிக்‌ஷாக்காரர் வெடுக்கென்று ஓரம் ஒதுங்கினார். என்னைப் பாக் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது.

அந்த மோட்டாரின் சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஒரு வாரம் ஒத்திப் போட்டேன். காலையில் எழுந்தால் இன்றைக்குப் போகவேண்டும் என்று நினைப்பேன், ஏதாவது ஒரு கப்பல் வரும். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து, தொழுகைத் தொப்பியோடேயே போனேன்.

கடலைப் பார்த்த வீடு. மலாய் பேசுகிற பாபா சீனர் ஒருவருடையது, எழுபது வயதுப் பெரியவர். முற்றத்தில் பாக் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார், யாரென்று தெரியவில்லை. நான் ஸலாம் சொன்னதும் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"துவானா! உள்ள வாங்க. இந்த வீட்டு முதலாளி, தவ்கே, நல்ல மனுஷர். நான் துவானைப் பத்தி எல்லாம் சொல்லியிருக்கேன். வெள்ளைக்காரர் என் கண்ணைச் சோதிச்சதைக்கூடச் சொன்னேன், அதனாலதான் உடனே வேலை குடுத்தாரு."

காப்பி கொண்டுவரச் சமையற்கட்டுக்குப் போனார். வாசற்படியில் கால் தட்டியது, சமாளித்துக்கொண்டார்.

வராந்தாவில் உட்கார்ந்து பெரியவரிடம் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். பசுவை, 'எங்கே?' என்ற சொல்லை, முதுகுக்குப் பின்னால் பிடித்த கையை. கம்பெனியை ஏமாற்றியதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

 நான் முடித்ததும் பெரியவர் கேட்டார்: "அன்னைக்கு ஏன் கையை அழுத்தினீங்க?"

"பால்காரருக்குப் பசு கிடைக்கணும்னு."

"உங்க பணம் போகக் கூடாதுன்னு இல்லையா?"

"அதுவும்தான்," என்றேன்.

அவர் வாசலைப் பார்த்தார். பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. "நீங்க செஞ்சதை நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை," என்றார். "ஆனா இந்த ரெண்டு மாசமும் தினமும் நாலு பேரப் பிள்ளைகளை அவர்கிட்ட அனுப்பியிருக்கேன். அதை நீங்க கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

திரும்பியபோது பாக் வாசலில் காப்பித் தட்டோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மேசையைத் தடவித் தட்டை வைத்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. என் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டார். அந்தக் காப்பியை நான் குடித்தேன். குடிக்காமல் எழுந்துவர முடியவில்லை.

பெரியவர் அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டவும் அழைத்துப் போனாராம். கண்ணில் பூ விழுந்திருக்கிறது, கத்தி வைத்து எடுக்கலாம் என்று டாக்டர் சொல்ல, பாக் மாட்டேன் என்றுவிட்டார். இதெல்லாம் அந்த வீட்டுச் சமையற்காரர் எங்கள் கடைக்கு ஆட்டிறைச்சி வாங்க வந்தபோது சொன்னது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்மையை எழுதிப் பணத்தைத் திருப்பிவிடலாமா என்று யாழ்ப்பாணத்துக் கிராணியிடம் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, வேண்டாம். நான்தான் சொல்லித் தந்தனான் எண்டு வந்திடும். எனக்கு மூண்டு பெம்பிளைப் பிள்ளையள்." எழுதவில்லை. எழுதாததற்கு அவருடைய பெண் பிள்ளைகள்தான் காரணம் என்று முழுசாகச் சொல்லிவிடவும் முடியாது.

பாக்கைக் கடைசியாகப் பார்த்தது பள்ளிவாசலில். தொழுகைக்கு முன் ஒளு செய்கிற தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றி மெல்ல நடந்து வந்தார். பக்கத்தில் போய் ஸலாம் சொன்னேன். கை அப்படியே நின்றது. குரல் அவருக்குத் தெரியும். ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது ஆகாது. "வஅலைக்கும் ஸலாம்," என்று முழுவதும் சொன்னார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முகம் கழுவ ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கழுவினேன்.  அந்த வருடப் பருவக்காற்று திரும்பியபோது அவர் பவியானுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நான் செய்தது சரிதானா என்று மைத்துனரிடம் ஒருநாள் கேட்டேன். அவர் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "ரெண்டாவது செஞ்சது, அந்தப் பெரியவர்கிட்டப் போய்ச் சொன்னது, சரி மச்சான்," என்றார். "முதல்லயே உண்மையைச் சொல்லியிருந்தா, ரெண்டாவது வேண்டியிருந்திருக்காது." சொல்லிவிட்டு அழுகிய வெங்காயத்தைத் தனியே போட்டார். மத்தியானக் கப்பலுக்குக் கூடைகள் கட்ட வேண்டியிருந்தது. குதிரை வண்டி நேரத்துக்குப் போகவேண்டுமானால் இப்போதே கிளம்பவேண்டும். எழுந்து போய்க் கயிற்றை எடுத்தேன்.